கிராஃப் வரையற சாஃப்ட்வேரா, லீட் டேட்டாபேஸா? திருப்பூர் எக்ஸ்போர்ட்டர்ஸ் அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் திருப்பூர்ல இருக்கேன், சின்னச் சின்ன நிட்வேர் யூனிட்டுங்களுக்கு வெளிநாட்டு பையர் யாரு, எங்க இருக்காங்கன்னு தேடிக் குடுக்கறது தான் என் வேலை. 2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரிய 50 சதவீதம் ஆக்கினப்புறம் போன் நிக்கவே இல்லைங்க, எல்லாருக்கும் புது பையர் வேணும், அதுவும் உடனே வேணும். அப்ப நெறைய பேரு ஒரே கேள்வியத் தான் கேட்டாங்க: "சாஃப்ட்வேர் ஒப்பிடற பக்கத்துல கெஃபியும் அப்பல்லோவும் பக்கத்துல பக்கத்துல போட்டிருக்கான், ரெண்டுல எத வாங்கட்டும்?" இங்க அப்பல்லோன்னா ஆஸ்பத்திரி இல்ல, அப்பல்லோ.ஐஓ ங்கற சேல்ஸ் டேட்டாபேஸ். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டுப் போட்டு தொண்டை கட்டிடுச்சு, அதனால வந்த கேள்வியெல்லாம் ஒரே எடத்துல எழுதி வச்சுட்டேன்.

ரெண்டும் ஒரே வேலைக்கான சாமான் தானா?

இல்லைங்க. கெஃபி ஒரு வரையற கருவி, அதுக்குள்ள ஒரு பேரு கூட கிடையாது, தொறந்தா காலியாத் தான் இருக்கும், நீங்க குடுக்கற லிஸ்ட வச்சு யாருக்கு யார் கூட தொடர்புன்னு புள்ளி வச்சு கோடு போட்டுக் காட்டும், அவ்ளோ தான். அப்பல்லோ, ஜூம்இன்ஃபோ, லூஷா இதெல்லாம் பேரு விக்கற கடை: இந்தக் கம்பெனில இவரு சோர்சிங் மேனேஜர், இது அவர் ஈமெயில், இது போன் நம்பர்னு குடுக்கும். ஒண்ணுகிட்ட பேரு இல்ல, இன்னொண்ணுகிட்ட உறவு இல்ல. நிட்டிங் மெஷினையும் நூல் கடையையும் பக்கத்துல வச்சு எது பெஸ்ட்னு கேட்டா என்ன சொல்றது? அந்த ஒப்பிடற வெப்சைட்டுகள்ல நீங்க எந்த ரெண்ட டிக் பண்ணினாலும் பக்கம் தானா உருவாகும், அதுக்காக ரெண்டும் போட்டியாளர்னு அர்த்தம் இல்ல.

ஆனா கேள்வியே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஏன்னா 40 மெஷின் வச்சிருக்கற யூனிட்ல மார்க்கெட்டிங்க்கு இருக்கறது ஒரு ஆளு, அவரு தான் சாம்பிள் கூரியரும் பாக்கணும், அவரோட ரெண்டு வாரத்தயும் உங்க கையில இருக்கற கொஞ்சம் காசயும் எதுல போடறதுங்கறது உண்மையான கேள்வி தான். அதுக்குத் தான் கீழ பதில் சொல்லப் போறேன்.

கிராஃப்னா ஸ்கூல்ல போட்ட பார் கிராஃப் தானே?

அது இல்ல. உங்க வீட்டு மொய் நோட்ட நெனச்சுப் பாருங்க. யாரு யாருக்கு எவ்வளவு வச்சாங்கன்னு வரிசையா இருக்கும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, அத நோடுன்னு (node) சொல்வாங்க; மொய் வச்சது ஒரு கோடு, அது எட்ஜ்; எவ்வளவு தொகைங்கறது அந்தக் கோட்டோட தடிமன், அது வெயிட். நாலஞ்சு வீட்டு நோட்ட சேத்து வரைஞ்சா ஊர்ல யாரு யாரோட நெருக்கம், எந்த ரெண்டு பங்காளி பேச்சு வார்த்தையே இல்லாம இருக்காங்க, ரெண்டு பக்கமும் போய் வர்றது யாருன்னு எல்லாம் படத்துலயே தெரிஞ்சிடும். நோட்ட பொரட்டிப் பாத்தா அது தெரியாது. கிராஃப் விஷுவலைசேஷன்ங்கறது இது தான்.

கெஃபி பிரான்ஸ்ல கம்பியேன் டெக்னாலஜி யுனிவர்சிட்டி மாணவர்கள் ஆரம்பிச்சது, ஓபன் சோர்ஸ், காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். 1 லட்சம் நோடு, 10 லட்சம் எட்ஜ் வரைக்கும் தாங்கும்னு அவங்க சொல்றாங்க. நமக்கு ஆயிரம் ரெண்டாயிரம் நோடுக்கு மேல தேவைப்படாது, சாதாரண 8 ஜிபி லேப்டாப் போதும்.

லீட் டேட்டாபேஸ்காரங்களுக்கு அந்தப் பேரும் ஈமெயிலும் எங்கிருந்து கெடைக்குது?

இத வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்கணும், ஆனா யாரும் கேக்கறதில்ல. வழி நாலஞ்சு இருக்கு. கம்பெனி வெப்சைட், செய்தி, அரசுப் பதிவு இதெல்லாம் ரோபோ வச்சு படிக்கறது ஒண்ணு. அவங்க சாஃப்ட்வேர இலவசமா யூஸ் பண்றவங்க தங்களோட மெயில் பாக்ஸ தொறந்து விட்டா அதுல வர்ற மெயிலோட அடில இருக்கற கையெழுத்து, போன் நம்பர், பதவி எல்லாத்தயும் எடுத்துக்கறது இன்னொண்ணு. மத்த டேட்டா கம்பெனிகிட்ட வாங்கறதும் உண்டு. அப்புறம் ஊகம்: ஒரு கம்பெனில ரெண்டு பேர் ஈமெயில் பேரு புள்ளி இன்ஷியல்னு இருந்தா மூணாவது ஆளுக்கும் அப்படித் தான் இருக்கும்னு உருவாக்கி, அந்த மெயில் சர்வர்கிட்ட இந்த முகவரி இருக்கான்னு தட்டிப் பாத்து, சரின்னு சொன்னா பச்சை டிக் போட்டுடுவாங்க. இதுல ஒரு சங்கடம் என்னன்னா சில கம்பெனி சர்வர் எந்த முகவரி கேட்டாலும் இருக்குன்னு சொல்லிடும், அத கேட்ச்-ஆல் டொமைன்னு சொல்வாங்க, அங்க பச்சை டிக்குக்கு மதிப்பே கிடையாது. சின்ன இம்போர்ட்டர்கள்ல இது நெறைய பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, இந்த டேட்டாபேஸ் எல்லாம் சாஃப்ட்வேர் விக்கறவங்களுக்காக வளந்தது. கலிஃபோர்னியால ஒரு டெக் கம்பெனில யாரு மார்க்கெட்டிங் ஹெட்னு கேட்டா துல்லியமா சொல்லும். அப்பனும் மகனும் சேந்து நடத்தற குழந்தை டிரெஸ் இம்போர்ட் கம்பெனில யாரு ஆர்டர் போடறாங்கன்னு கேட்டா திணறும், ஏன்னா அவங்க லிங்க்டின்லயே இருக்க மாட்டாங்க. நம்ம தொழிலுக்கு இது பெரிய ஓட்டை.

பேர சேத்து வக்கறதுல ஆபத்தும் இருக்கு. 2018ல அப்பல்லோவோட டேட்டா வெளிய கசிஞ்சு 12 கோடிக்கு மேல ஈமெயில் முகவரி அதுல இருந்தது தெரிய வந்துச்சு.

சரி, ஒண்ணு தான் பண்ண முடியும்னா எது மொதல்ல?

கிராஃப் மொதல்ல. எந்தக் கம்பெனிக்கு எழுதணும்னு தெரியாதவரைக்கும் அங்க இருக்கற ஆளோட ஈமெயில் வாங்கி என்ன பண்ணப் போறீங்க? மொதல்ல 2,000 கம்பெனிய 40 ஆக்கணும், அதுக்கு உறவு தெரியணும். அந்த 40 கம்பெனிக்கு ஆளு பேரு தேட லீட் டேட்டாபேஸோட ஃப்ரீ பிளான்ல குடுக்கற கிரெடிட்டே ஓரளவுக்கு வந்துடும், பத்தலைன்னா ஒரு மாசத்துக்கு மட்டும் காசு கட்டிட்டு நிறுத்திக்கலாம். ஜூம்இன்ஃபோ மாதிரி வருஷ ஒப்பந்தம் கேக்கறது, விலைய வெப்சைட்ல போடாம கேட்டா மட்டும் சொல்றது, இதெல்லாம் 50 பேரு உக்காந்து கால் பண்ற கம்பெனிக்கு சரி, நமக்கு இல்ல.

ஒரு விதிவிலக்கு சொல்லிடறேன். உங்களுக்கு ஏற்கனவே டார்கெட் தெரியும், உதாரணத்துக்கு நெதர்லாந்துல ஆர்கானிக் காட்டன் மட்டும் விக்கற 15 பிராண்டு கையில லிஸ்ட்டா இருக்குன்னா, கிராஃப் எதுவும் வேண்டாம், நேரா ஆளத் தேடிப் போங்க.

கோடு போடறதுக்கு டேட்டா எங்க இருக்கு? அதுக்கும் காசு தானே?

நெறைய சும்மாவே கெடைக்குதுங்க, அது தான் எனக்கு இதுல புடிச்ச விஷயம்.

அமெரிக்காவுக்கு கப்பல்ல வர்ற சரக்கோட மேனிஃபெஸ்ட், அதாவது சரக்குப் பட்டியல், அங்க சட்டப்படி பொதுத் தகவல். ஒவ்வொரு பில் ஆஃப் லேடிங்லயும் (கப்பல்ல ஏத்தின சரக்குக்கான ரசீது) ஷிப்பர், அதாவது அனுப்பறவர் யாரு, கன்சைனி, அதாவது வாங்கிக்கறவர் யாரு, சரக்கு என்ன, எத்தன கார்ட்டன், எவ்வளவு எடை, எந்தத் துறைமுகம்னு இருக்கும். விலை இருக்காது. இத எடுத்து வச்சு விக்கற கம்பெனிங்க பல இருக்கு, பன்ஜிவா அதுல ஒண்ணு, அத எஸ் அண்ட் பி குளோபல் 2018ல வாங்கிடுச்சு. இம்போர்ட்யெட்டிங்கற வெப்சைட்ல காசில்லாமயே தேடலாம். இங்க தான் நீங்க கவனிக்கணும்: பில் ஆஃப் லேடிங்கோட ஒவ்வொரு வரியும் ஒரு கோடு. இந்த ஃபேக்டரி, இந்த பையருக்கு, அனுப்பிச்சது. லீட் டேட்டாபேஸ் குடுக்காத உறவு இதுல மொதல்லயே இருக்கு.

சில எடம் வழுக்கும். நம்ம சரக்கு தூத்துக்குடில ஏறி கொழும்புல பெரிய கப்பலுக்கு மாறறது வழக்கம், அதனால வெளிநாட்டுத் துறைமுகம்ங்கற கட்டத்துல கொழும்புன்னு தான் வரும். இந்தியத் துறைமுகம்னு ஃபில்டர் போட்டா பாதி திருப்பூர் காணாமப் போயிடும். ஷிப்பர் முகவரில திருப்பூர், அவினாசி, பல்லடம்னு தேடுங்க, அது தான் சரியா வருது. ஸ்பெல்லிங்கும் ரெண்டு மூணு விதமா போட்டுப் பாருங்க, பழைய ஸ்பெல்லிங்ல எழுதறவங்க இன்னும் இருக்காங்க. அப்புறம் விமானத்துல போற சரக்கு இதுல வராது, அவசர ஆர்டர் எல்லாம் அப்படித் தான் போகுது. அமெரிக்க இம்போர்ட்டர் தன் பேர மறைச்சு வைக்கச் சொல்லி கஸ்டம்ஸ்கிட்ட கேட்டுக்கலாம், பெரிய பிராண்டு பல பேரு அப்படி மறைச்சிருக்காங்க.

நம்ம பக்கம் எக்ஸ்போர்ட் டேட்டா விக்கறேன்னு யாராவது வந்தா ஜாக்கிரதை. 2022 ஃபைனான்ஸ் ஆக்ட்ல கஸ்டம்ஸ் சட்டத்துக்குள்ள 135ஏஏ ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, எக்ஸ்போர்ட்டர் கஸ்டம்ஸ்ல குடுத்த விலை, அளவு மாதிரி விவரத்த சட்டத்துல அனுமதி இல்லாம வெளியிடறது குற்றம், 6 மாசம் வரைக்கும் ஜெயில் தண்டனை இருக்கு.

கெஃபில அத எப்படிப் போடறது? எனக்கு கம்ப்யூட்டர் பெருசா தெரியாது.

எக்செல் தெரிஞ்சா போதும். ஒரு ஷீட்ல மூணு காலம் (column), தலைப்பு மட்டும் இங்கிலீஷ்ல சோர்ஸ், டார்கெட், வெயிட்னு கரெக்டா எழுதுங்க, அது இல்லன்னா சாஃப்ட்வேருக்குப் புரியாது. சோர்ஸ்ல ஃபேக்டரி பேரு, டார்கெட்ல பையர் பேரு, வெயிட்ல போன 12 மாசத்துல எத்தன ஷிப்மென்ட்ங்கற எண்ணிக்கை. சேவ் பண்றப்ப சிஎஸ்வி யுடிஎஃப்-8 னு இருக்கறத தேர்ந்தெடுங்க, சாதா சிஎஸ்வில போட்டா தமிழ்ல எழுதின குறிப்பெல்லாம் கேள்விக்குறியா மாறிடும்.

கெஃபில ஃபைல், இம்போர்ட் ஸ்ப்ரெட்ஷீட், எட்ஜஸ் டேபிள்னு குடுத்து, கிராஃப் டைப் டைரக்டட்னு (கோட்டுக்குத் திசை உண்டுன்னு அர்த்தம்) வச்சு உள்ள கொண்டு வாங்க. மொதல்ல ஒரு சதுரத்துக்குள்ள கறுப்பா கசமுசன்னு தெரியும், பயந்துடாதீங்க. எடது பக்கம் லேயவுட்ல ஃபோர்ஸ்அட்லஸ் 2 எடுத்து ரன் குடுங்க. அந்தப் பத்து செகண்ட் பாக்கறதுக்கு எனக்கு இன்னிக்கும் சலிக்கல: சிக்கு விழுந்த நூல் கோன ஒருத்தர் பொறுமையா பிரிச்சு விடற மாதிரி, கோடு எல்லாம் ஒண்ண ஒண்ணு இழுத்துகிட்டு, தொடர்பு இல்லாததெல்லாம் தள்ளிப் போயி, தனித்தனிக் கொத்தா வந்து உக்காரும். ஒரு கொத்து அண்டர்கார்மென்ட்ஸ், ஒண்ணு குழந்தை டிரெஸ், ஒண்ணு டி-ஷர்ட்னு தானாவே பிரியும், நீங்க அத சொல்லிக் குடுக்கவே இல்ல, யாரு யாருக்கு அனுப்பறாங்கங்கறத வச்சே அது பிரிச்சிடும். வலது பக்கம் மாடுலாரிட்டின்னு, கொத்து கொத்தாப் பிரிச்சு நம்பர் குடுக்கற கணக்கு இருக்கு, அத ஓட்டி அந்த எண்ண வச்சு கலர் குடுத்தா கொத்துக்கொத்தா நெறம் மாறும். இன்-டிகிரி, அதாவது உள்ள எத்தன கோடு வருதுங்கறத வச்சு சைஸ் குடுத்தா நெறைய சப்ளையர் வச்சிருக்கற பையர் பெரிய வட்டமா ஆவாங்க. கடைசில பிரிவென்ட் ஓவர்லேப் டிக் பண்ணிட்டா வட்டத்து மேல வட்டம் ஏறாது.

மேல இருக்கா, கீழ இருக்கா, எடது வலதுங்கறதுக்கு எந்த அர்த்தமும் இல்ல, அடுத்த தடவ ஓட்டினா படம் வேற பக்கம் திரும்பி வரும். யாரு யார்கிட்ட இருக்காங்கங்கறது தான் முக்கியம்.

படத்துல என்னத்தப் பாக்கணும்?

நான் மொதல்ல பாக்கறது பையருக்கு எத்தன கோடு வருதுங்கறது. ஒரே ஃபேக்டரிகிட்ட அஞ்சு வருஷமா வாங்கற பையர், அவரு நகர மாட்டாரு, அங்க மெயில் போட்டு உங்க நேரத்த செலவு பண்ணாதீங்க. போன வருஷம் 3 சப்ளையர், இந்த வருஷம் 7 சப்ளையர்னா அவரு ஆளத் தேடிகிட்டு இருக்காருன்னு அர்த்தம், கதவு தொறந்திருக்கு. அதனால தான் நான் ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு படம் போட்டு பக்கத்துல வச்சுப் பாப்பேன். ஒரு குழந்தை டிரெஸ் யூனிட்டுக்கு இப்படிப் பாத்தப்ப அவங்க பக்கத்துத் தெருவுல இருக்கற ஃபேக்டரியோட பையரே அந்த வருஷம் புதுசா நாலு எடத்துல வாங்க ஆரம்பிச்சிருந்தாரு. பக்கத்துத் தெரு! அவங்க அதுவரைக்கும் டென்மார்க்ல யாரையாவது புடிக்கலாம்னு லிஸ்ட் வாங்கிகிட்டு இருந்தாங்க.

ரெண்டாவது, ரெண்டு கொத்துக்கு நடுவுல தனியா நிக்கற புள்ளி. நெட்வொர்க் டயமீட்டர் ஓட்டினா பிட்வீன்னஸ் சென்ட்ராலிட்டின்னு ஒரு எண்ணு வரும், அது கூடுதலா இருக்கறவங்க ரெண்டு ஒலகத்துக்கும் பாலம் மாதிரி. பையிங் ஹவுஸ், அதாவது பையருக்காக ஃபேக்டரி தேடி ஆர்டர் போடற ஏஜென்சி, பல தடவ அங்க தான் இருக்கும். ஒரு பையிங் ஹவுஸ புடிச்சா நாலு பையர் வருவாங்க. ஒண்ணு மட்டும் செஞ்சுக்கணும், எல்லாக் கோடும் ஃபேக்டரில இருந்து பையருக்குத் தான் போகுதுங்கறதால டைரக்டட்னு ஓட்டினா இந்த எண்ணு எல்லாருக்கும் சைபர்னு தான் வரும், அந்த ரிப்போர்ட் ஓட்டறப்ப மட்டும் அன்டைரக்டட்னு மாத்திக்கோங்க.

பெரிய வட்டமா இருக்கறவரு தான் பெரிய பையர், சரியா?

அவசரப்படாதீங்க. நான் மொதல் மொதல்ல போட்ட படத்துல நட்டநடுவுல ஒரு பெரிய வட்டம் வந்துச்சு, 60க்கு மேல ஃபேக்டரி அதுக்கு அனுப்புது. ஓனர் பாத்துட்டு இவங்களத் தான் நாம புடிக்கணும், இன்னிக்கே சாம்பிள் அனுப்புன்னு குதிச்சாரு, நானும் சந்தோஷமா ஆளத் தேடி மெயில் போட்டுட்டேன். பதில் வந்துச்சு: நாங்க ஃப்ரைட் ஃபார்வர்டர், சரக்க அனுப்பி வைக்கற வேலை மட்டும் தான், துணி வாங்கறதில்ல. கப்பல் கம்பெனி குடுக்கற மாஸ்டர் பில்லுல பல சமயம் ஃபார்வர்டர் பேரு தான் கன்சைனியா வரும், உண்மையான பையர் ஃபார்வர்டர் குடுக்கற ஹவுஸ் பில்லுல இருப்பாரு. அன்னில இருந்து லாஜிஸ்டிக்ஸ், கார்கோ, ஃப்ரைட், லைன்ஸ், ஃபார்வர்டிங்னு பேருல இருக்கற எல்லாத்தயும் கெஃபியோட டேட்டா லேபரட்டரி டேப்ல தேடி எடுத்துட்டுத் தான் அடுத்த வேலை. அத எடுத்தவுடனே படம் மொத்தமா மாறிடும், அப்பத் தான் உண்மையான ஊரு தெரியும்.

ஒரே கம்பெனி நாலு புள்ளியா வருதே?

வரும். பிரைவேட் லிமிடெட்னு ஒருத்தன் முழுசா எழுதுவான், இன்னொருத்தன் சுருக்கி எழுதுவான், நடுவுல புள்ளி வைப்பான், கமா வைப்பான், சாஃப்ட்வேருக்கு அதெல்லாம் தனித்தனி ஆளு. ஓபன்ரிஃபைன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கிளஸ்டர்னு குடுத்தா ஒரே மாதிரி இருக்கற பேரெல்லாம் சேத்துக் காட்டி இது ஒண்ணு தானான்னு கேக்கும், நீங்க பாத்து சரின்னு சொல்லணும். எல்லாத்துக்கும் கண்ண மூடிட்டு சரின்னு குடுத்துடாதீங்க, திருப்பூர்ல ஒரே சாமி பேருல எத்தன நிட்டிங் மில்லு இருக்குன்னு உங்களுக்கே தெரியும், முகவரியும் பாத்துத் தான் சேக்கணும். உண்மையச் சொல்லணும்னா மொத்த வேலைல முக்கால்வாசி நேரம் இங்க தான் போகுது, படம் வரையறது அரை மணி நேரம்.

அமெரிக்கா வேண்டாம், ஐரோப்பா பாக்கறேன். அங்க?

ஐரோப்பிய யூனியன்ல கம்பெனி பேரோட ஷிப்மென்ட் டேட்டா வெளிய வராது. பிரிட்டன் கொஞ்சம் பரவாயில்ல, அவங்க வரித்துறை எந்தெந்தக் கம்பெனி எந்தச் சரக்கு நம்பர்ல (கஸ்டம்ஸ் கோட்) இம்போர்ட் பண்ணிச்சுன்னு பேரும் முகவரியும் மாசாமாசம் சும்மாவே வெளியிடுது. 6109ல டி-ஷர்ட், 6111ல குழந்தை டிரெஸ்னு நம்பர் போட்டு எடுத்துக்கலாம். எவ்வளவு வாங்கினாங்க, யார்கிட்ட வாங்கினாங்கன்னு இருக்காது, அதாவது புள்ளி இருக்கு, கோடு இல்ல. 2025 ஜூலை 24ல இந்தியா பிரிட்டன் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, நம்ம துணிக்கு வரி எடுக்கறது அதுல இருக்கு, அதனால அந்த லிஸ்ட இப்பவே எடுத்து வச்சுக்கறது நல்லது.

கோடு வேணும்னா ஓபன் சப்ளை ஹப் போங்க. 2019ல ஓபன் அப்பேரல் ரெஜிஸ்ட்ரின்னு ஆரம்பிச்சது, இப்ப இந்தப் பேரு. ஹெச் அண்ட் எம் 2013லயே தன்னோட சப்ளையர் லிஸ்ட வெளிய போட்டாங்க, அப்புறம் நெறைய பிராண்டு போட ஆரம்பிச்சாங்க, அதெல்லாம் சேத்து ஃபேக்டரி வாரியா வச்சிருக்கற எடம் இது. மேப்ல திருப்பூர பெருசு பண்ணி ஒரு ஃபேக்டரிய தொட்டா, எந்தெந்த பிராண்டும் அமைப்பும் அத லிஸ்ட்ல குடுத்திருக்காங்கன்னு வரும். அத டவுன்லோட் பண்ணி ஃபேக்டரி ஒரு பக்கம், பிராண்டு ஒரு பக்கம்னு கெஃபில போட்டா உங்க அளவு, உங்க சர்ட்டிஃபிகேட் இருக்கற ஃபேக்டரிகிட்ட வாங்கற பிராண்டு எல்லாம் தெரியும். ஆடிட் கம்பெனி பேரும் கலந்து வரும், அத எடுத்துடணும். உங்க ஃபேக்டரி அதுல இல்லன்னா மொதல்ல அதப் பதிவு பண்ணுங்க, அதுக்கும் காசு கிடையாது, பையர் பக்கம் இருந்தும் ஆளுங்க அங்க தேடறாங்க.

என் லிங்க்டின் தொடர்ப எல்லாம் கெஃபில வரையலாமா?

பாதி தான் முடியும். செட்டிங்ஸ்ல உங்க டேட்டாவ கேட்டா கனெக்‌ஷன்ஸ்னு ஒரு சிஎஸ்வி வரும், பேரு, கம்பெனி, பதவி, எந்தத் தேதில சேந்தீங்கன்னு இருக்கும், ஈமெயில் அவங்க அனுமதிச்சிருந்தா மட்டும். அவங்களுக்குள்ள யாரு யாருக்குத் தெரியும்ங்கறது அதுல இல்ல, அதனால வரைஞ்சா நீங்க நடுவுல, சுத்தி எல்லாரும்னு சூரியன் மாதிரி ஒரு படம் வரும், பிரயோஜனம் இல்ல. லிங்க்டின்லயே இன்மேப்ஸ்னு அத வரைஞ்சு காட்டற வசதி 2011ல விட்டாங்க, 2014ல நிறுத்திட்டாங்க, எனக்கு அதுல இன்னும் வருத்தம் தான். இப்ப லிங்க்டினோட காசு கட்டற சேல்ஸ் நேவிகேட்டர்ல டீம்லிங்க்னு ஒண்ணு இருக்கு, உங்க கம்பெனில வேற யாருக்காவது அந்த ஆளத் தெரியுமான்னு காட்டும், ஆனா ரெண்டு பேரு இருக்கற கம்பெனிக்கு அது எதுக்கு?

5,000 ரூபாய்க்கு ஒரு லட்சம் பையர் ஈமெயில்னு ஒருத்தர் தர்றாரு, வாங்கலாமா?

வேண்டாம். நானே ஆரம்பத்துல ஒரு தடவ அப்படி வாங்கி மாட்டினேன். எக்செல் தொறந்தா ஒரே கம்பெனி பத்து வரில, மூடிப் போன கம்பெனி, இன்ஃபோன்னு ஆரம்பிக்கற பொது முகவரி, 300 மெயில் போட்டதுல பாதிக்கு மேல பவுன்ஸ், அதாவது போய்ச் சேராம திரும்பி வந்துடுச்சு. அதோட முடியல. அடுத்த வாரம் ரெகுலர் பையருக்கு போட்ட இன்வாய்ஸ் மெயிலே அவரோட ஸ்பாம் ஃபோல்டருக்குப் போயிடுச்சு, அவரு பேமென்ட் 12 நாள் தள்ளிப் போச்சு. டொமைன் பேரு கெட்டா அது தான் நடக்கும். 2024 பிப்ரவரில இருந்து கூகுள் கண்டிப்பா இருக்காங்க: ஜிமெயிலுக்கு மெயில் போடற எல்லாரும் எஸ்பிஎஃப் இல்லாட்டி டிகேஐஎம் (மெயில் உங்க டொமைன்ல இருந்து தான் வந்துச்சுன்னு காட்டற செட்டிங்) வச்சிருக்கணும், நாளைக்கு 5,000க்கு மேல போடறவங்க ரெண்டும் வச்சு, டிமார்க்குன்னு அதே மாதிரி இன்னொரு செட்டிங்கும் வச்சிருக்கணும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்த தொடக் கூடாது. அதாவது ஆயிரத்துல 3 பேரு ஸ்பாம்னு அமுத்தினாலே எல்லை தாண்டியாச்சு.

சட்டச் சிக்கல் ஏதாவது வருமா?

கம்பெனி பேரையும் ஷிப்மென்டயும் வச்சு கிராஃப் போடறதுல தனிநபர் தகவல் கெடையாது, நிம்மதியா பண்ணலாம். ஆளோட பேரு, ஈமெயில், மொபைல் வந்தவுடனே விஷயம் மாறுது. ஐரோப்பால 2018 மே 25ல இருந்து ஜிடிபிஆர்ங்கற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. காஸ்பர்னு ஒரு கம்பெனி, லிங்க்டின்ல இருக்கறவங்க தொடர்பு விவரத்த எடுத்துக் குடுக்கற பிரவுசர் எக்ஸ்டென்ஷன், அதுக்கு பிரான்ஸோட தகவல் பாதுகாப்பு அமைப்பு 2024 டிசம்பர்ல 2,40,000 யூரோ அபராதம் போட்டுச்சு. தன் விவரத்த எல்லாருக்கும் காட்டாம வச்சிருந்தவங்களோடதயும் எடுத்தது அதுல ஒரு முக்கியக் குற்றச்சாட்டு. நம்ம நாட்டுல 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகும், 2025 நவம்பர்ல அதுக்கு விதிகளும் வந்தாச்சு. நான் பண்றது என்னன்னா, ஐரோப்பா ஆளுக்கு அவர் கம்பெனி வெப்சைட்ல போட்டிருக்கற முகவரிக்கு மட்டும் எழுதுவேன், எங்கிருந்து எடுத்தேன்னு மெயில்லயே சொல்லுவேன், வேண்டாம்னா அன்னிக்கே எடுத்துடுவேன்.

கெஃபி தவிர வேற?

யெட் ஜெர்மனி கம்பெனியோடது, ஃப்ரீ, சின்னப் படத்துக்கு கெஃபிய விட அழகா வரும். கிராஃப்விஸ் ஏடி அண்ட் டி ஆராய்ச்சிக்கூடத்துல 1991 வாக்குல பொறந்தது, எழுத்துல கட்டளை எழுதத் தெரியணும். சைட்டோஸ்கேப் பயாலஜிக்காரங்களுக்காக செஞ்சது, ஆனா யாரு வேணா யூஸ் பண்ணலாம். நியோ4ஜே ஒரு கிராஃப் டேட்டாபேஸ், 2016ல பனாமா பேப்பர்ஸ் 1.15 கோடி ஆவணத்துல யாருக்கு எந்தக் கம்பெனின்னு கண்டுபுடிக்க பத்திரிகைக்காரங்க நியோ4ஜேவும் லிங்குரியஸும் தான் வச்சாங்க. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்ல.

எக்செல் பைவட் டேபிள் போதாதா?

பல பேருக்குப் போதும்ங்க. பையருக்கு எத்தன சப்ளையர்ங்கற எண்ணிக்கை பைவட்லயே வந்துடும். உங்க பையருக்கு விக்கற ஃபேக்டரிகளோட மத்த பையர் யாரு, அந்த மாதிரி ரெண்டு மூணு கட்டம் தாண்டிப் போறப்ப தான் எக்செல் கை விரிக்கும். 100 வரிக்குள்ள டேட்டா இருந்தா கெஃபி தொறக்காதீங்க, ஒரு பேப்பர் பேனா போதும்.

படம் சூப்பரா வந்திருக்கு, இத பையருக்கே மெயில்ல அனுப்பலாமா?

தயவு செஞ்சு வேண்டாம். அவரு யார்கிட்ட எத்தன தடவ வாங்கினாருன்னு ஒரு தெரியாத ஆளு படம் போட்டு அனுப்பினா அவருக்கு எப்படி இருக்கும்? படம் உங்களுக்கு மட்டும். அதுல இருந்து தெரிஞ்சுகிட்டத வேற மாதிரி சொல்லணும். அவரு குழந்தை டிரெஸ் மட்டும் வாங்கறாரு, சின்னச் சின்ன ஷிப்மென்ட்டா வாங்கறாருன்னு படத்துல தெரிஞ்சிருக்கு, அப்ப மெயில்ல உங்க 30 வருஷ வரலாறு, முழு கேட்லாக் எதுவும் வேண்டாம். நாங்க குழந்தை டிரெஸ் மட்டும் தான் பண்றோம், 160 ஜிஎஸ்எம் இன்டர்லாக், ஒரு கலருக்கு 300 பீஸ் இருந்தாலும் எடுத்துக்குவோம், சாம்பிள் 10 நாள்ல உங்க கைக்கு வரும். நாலு வரி, கீழ உங்க பேரு, மொபைல் நம்பர், ஃபேக்டரி முகவரி.